செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி ஓட வைப்பது எப்படி: உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டு வாங்க ஒரு வழிகாட்டி

அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்ததும், அவளுக்கு இருபதாயிரம் ரூபாய் சுமாரில் ஒரு லேப்டாப் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைக்காரர் "ஐ7 சார், எட்டு ஜிபி, ஐநூறு ஜிபி, சூப்பர் பீஸ்" என்று ஒரே மூச்சில் சொல்வார். அதில் எது முக்கியம், எது வெறும் பந்தா, எதைப் பிறகு மாற்றலாம், எதை மாற்றவே முடியாது என்று தெரியாவிட்டால் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை. தெரிந்தவர்களைக் கேட்டாலோ ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அதனால் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படைப் பாடத்தை, லேப்டாப் வாங்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். வாங்கப் பாதி நாள், ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) போட்டுத் தயார் செய்ய ஒரு மாலை, அப்புறம் ஒரு வாரம் கண்காணிப்பு. இவ்வளவு நேரம் ஒதுக்கினால் போதும்.

1. நான்கு பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எந்தக் கம்ப்யூட்டரிலும் வேலை நடப்பது நான்கு பொருள்களுக்கு நடுவில்தான்: பிராசசர், ரேம், சேமிப்பு, இவை எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு. சேமிப்பு என்பது ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம், சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டியாக இருக்கலாம்.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கட்டுகிறவர் பிராசசர். அவர் முன்னால் இருக்கும் மேசை ரேம். பின்கட்டுக் குடோன்தான் ஹார்ட் டிஸ்க். மேசைக்கு வந்த சரக்கைத்தான் அவரால் கட்ட முடியும். மேசை சின்னதாக இருந்தாலோ, குடோனுக்குப் போன பையன் ஆடி அசைந்து வந்தாலோ, எவ்வளவு சுறுசுறுப்பான ஆளை நிறுத்தினாலும் வரிசை நகராது.

இப்போது எண்களைப் பாருங்கள். 1.6 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் என்றால் நொடிக்கு 160 கோடி துடிப்பு. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஆகிறது. எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பழைய ஹார்ட் டிஸ்க்கிலோ நூறில் ஒரு பங்கு, ஏனென்றால் அங்கே ஒரு தட்டு சுழன்று, ஊசி போன்ற ஒரு கை நகர்ந்து இடத்தைத் தேட வேண்டும். நூறில் ஒரு பங்கு நொடி நமக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. பிராசசருக்கு அது 1.6 கோடி துடிப்பு சும்மா நிற்கும் நேரம். "சிஸ்டம் ஹேங் ஆகுது" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான்.

ரேமைப் பற்றி இன்னொன்று: கரன்ட் போனால் அதில் இருந்தது போய்விடும். நீங்கள் டைப் செய்துகொண்டிருக்கும் கட்டுரை, சேவ் செய்யும் வரை ரேமில்தான் இருக்கிறது. சேவ் என்பது ரேமிலிருந்து டிஸ்க்குக்கு எழுதச் சொல்லும் உத்தரவு. பிரவுசரில் முப்பது டேப் திறந்து ரேம் நிரம்பிவிட்டால், ஓஎஸ் இடம் பண்ணுவதற்காக ரேமில் இருப்பதில் ஒரு பகுதியை டிஸ்க்குக்குத் தள்ளும், தேவைப்படும்போது திரும்ப இழுக்கும். டிஸ்க் மெதுவானதாக இருந்தால் அப்போதுதான் மவுஸ்கூட நகராமல் நின்றுவிடுகிறது.

மாற்ற முடிவது எது, முடியாதது எது? சேமிப்பை அநேகமாக மாற்றலாம். ரேமைப் பல மாடல்களில் மாற்றலாம், மெல்லிய மாடல்கள் சிலவற்றில் மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். லேப்டாப் பிராசசர் இப்போதெல்லாம் பற்றவைத்தபடிதான் வருகிறது, மாற்ற முடியாது. மதர்போர்டு போனால் அதை மாற்றும் செலவுக்கு இன்னொரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம். ஆகவே வாங்கும்போது பிராசசருக்கும் மதர்போர்டின் நிலைக்கும்தான் பணம் கொடுக்கிறீர்கள். ரேமும் டிஸ்க்கும் குறைவாக இருந்தால் அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

2. பிராசசரின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நான் பார்த்தவரை ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். "ஐ7" என்ற சொல்லைக் கேட்டதும் மயங்காதீர்கள். இன்டெல்லில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் தலைமுறையைச் சொல்கிறது. ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை. ஐ7-6600யு என்றால் 6ஆம் தலைமுறை. இந்த இரண்டில் ஐ5தான் உசத்தி. 8250யு பிராசசரில் நான்கு கோர், 6600யு பிராசசரில் இரண்டே கோர். கோர் என்பது தனியாக வேலை செய்யக்கூடிய ஒரு கணக்குப் பிரிவு. இரண்டுக்கு நான்கு இருந்தால், ஒரே நேரத்தில் பல வேலை ஓடும்போது வித்தியாசம் தெரியும்.

10ஆம் தலைமுறையிலிருந்து எண் வேறு மாதிரி வரும். ஐ5-10210யு 10ஆம் தலைமுறை, ஐ5-1135ஜி7 11ஆம் தலைமுறை. இரண்டாவதை ஒன்றாம் தலைமுறை என்று படித்துவிடாதீர்கள்.

8ஆம் தலைமுறையை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஏஎம்டி கம்பெனியின் பிராசசர் என்றால் ரைசன் 5 3500யு, 4500யு போன்றவை தாராளமாகச் சரி. இதற்குக் கீழே இருக்கும் லேப்டாப்பில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுப்பார்கள். ஓடும், ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

3. வீட்டில் கிடப்பதை முதலில் சோதியுங்கள்

புதிதாக வாங்கும் முன் பரணில் தூங்கும் லேப்டாப்பை எடுத்துத் துடையுங்கள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஒன்று இப்படிக் கிடக்கும். அதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வீட்டில் இருப்பவர் பயன்படுத்தத் தடையில்லை.

விண்டோஸ் ஓடுகிறதென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். பிராசசரின் முழுப் பெயர், ரேமின் அளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எந்த வகை, எல்லாம் அங்கேயே இருக்கிறது. வழக்கமான வேலையைச் செய்துகொண்டே ஐந்து நிமிடம் அதைக் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்து பிராசசர் 20 சதவீதத்தில் இருந்தால், எஸ்எஸ்டி ஒன்றே நோய்க்கு மருந்து. மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் போதவில்லை. பிராசசர் மட்டும் சாதாரண வேலைக்கே 100இல் நின்றால் அந்த லேப்டாப்பில் மேற்கொண்டு பணம் போடாதீர்கள்.

அதிகபட்சமே 4 ஜிபி ரேம்தான் ஏற்கும் என்ற பழைய லேப்டாப்பையும் விட்டுவிடலாம். கட்டுரை அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். இன்றைய பிரவுசரை வைத்துக்கொண்டு பிள்ளை படிக்க முடியாது.

4. பட்ஜெட்

நான் தேடியபோது 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட பழைய லேப்டாப்புகளைப் பதினைந்திலிருந்து இருபத்திரண்டாயிரம் வரை சொன்னார்கள். ஐடி கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகைகளைத் தேடுங்கள். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் அடிமூடியைக் கழற்றுவது எளிது, உதிரிப் பாகமும் கிடைக்கும். அதே விலைக்குப் பளபளவென்று கிடைக்கும் மெல்லிய மாடலைவிட இவற்றைத்தான் நான் எடுப்பேன்.

மேல்செலவாக மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை தனியாக எடுத்து வையுங்கள். பேட்டரி, பென் டிரைவ், சர்வீஸ் கூலி என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். ரேம் விலை 2025 கடைசியிலிருந்து கடுமையாக ஏறியது, எஸ்எஸ்டியும் கூடவே ஏறியது. ஆகவே பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன விலையை நம்பிப் போகாதீர்கள், அன்றைக்கு இரண்டு கடையில் கேளுங்கள்.

5. கடையில் பார்க்க வேண்டியவை

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வேலைநாள் காலையில் போனால் கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். கையில் ஒரு பென் டிரைவும் இயர்போனும் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் லேப்டாப்பை அணைக்கச் சொல்லி, நீங்களே பவர் பட்டனை அழுத்தி ஆரம்பத்திலிருந்து பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினால் போதாது. "அண்ணே, பயாஸ் உள்ளே போய் சீரியல் நம்பர் காட்டுங்க" என்று கேளுங்கள். டெல் என்றால் எஃப் 2, எச்பி என்றால் எஃப் 10, திங்க்பேட் என்றால் எஃப் 1 அழுத்தினால் பயாஸ், அதாவது ஓஎஸ்ஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை, வரும். இரண்டு விஷயம் இதில் தெரிந்துவிடும். பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அந்தப் பாஸ்வேர்டை எடுப்பது எளிதல்ல, சில மாடல்களில் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது, பயாஸில் இருக்கும் சீரியல் எண்ணும் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் மதர்போர்டையோ அடிமூடியையோ மாற்றியிருக்கிறார்கள்.

கம்பெனியிலிருந்து வந்த லேப்டாப்புகளில் இன்னொரு கண்ணி உண்டு. விண்டோஸை முழுதாக ரீசெட் செய்து இன்டர்நெட்டில் இணைத்ததும், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அந்த நிறுவனத்தின் லாகின் ஐடி கேட்கும். அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் கணக்கிலிருந்து விடுவிக்கப்படவில்லை என்று அர்த்தம். கடையில் நன்றாக ஓடும், வீட்டுக்கு வந்து ரீசெட் செய்தால் பூட்டிக்கொள்ளும். ஆகவே உங்கள் கண் முன்னால் புதிதாக விண்டோஸ் போட்டு, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

மற்ற சோதனைகள் சீக்கிரம் முடியும். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயையும் அழுத்துங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்க விரித்துப் புள்ளி, கோடு, மஞ்சள் நிழல் இருக்கிறதா பாருங்கள். எல்லா யுஎஸ்பி துளையிலும் பென் டிரைவைச் செருகுங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர், இயர்போன் துளை. திரையைப் பலமுறை மூடித் திறந்து கீல் கிறீச்சிடுகிறதா கேளுங்கள். டச்பேட் மேலே உந்தி நின்றாலோ, அடிமூடி வீங்கியிருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அது தீப்பிடிக்கக்கூடியது, பேரம் பேசாமல் விலகிவிடுங்கள்.

பேட்டரியின் உண்மை நிலை தெரிய விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். டிசைன் கெப்பாசிட்டி 48,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 24,000 என்றும் இருந்தால் பாதி உயிர் போய்விட்டது. டிஸ்க்குக்கு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டும். பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சார்ஜரை மறக்காதீர்கள். அதன்மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். அந்த மாடலுக்கு எத்தனை வாட் வேண்டுமோ அது இருக்க வேண்டும். டெல் போன்ற சில லேப்டாப்புகள் டூப்ளிகேட் சார்ஜரைக் கண்டுபிடித்து பேட்டரியை ஏற்றாமலும் பிராசசரின் வேகத்தைக் குறைத்தும் ஓடும். லேப்டாப் மெதுவாக இருக்கிறதே என்று ரேமைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், காரணம் சார்ஜராக இருக்கும்.

6. காகிதங்கள்

பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் வேணாம்னா ஆயிரம் குறைச்சுக்கலாம்" என்பார்கள். போன் என்றால் ஐஎம்இஐ எண்ணை வைத்துத் திருட்டுப் போனா என்று அரசுத் தளத்தில் பார்க்கலாம், சாதாரண லேப்டாப்பில் ஐஎம்இஐ கிடையாது. அது திருட்டுப் பொருள் என்று நாளை யாராவது வந்தால் நீங்கள் விலை கொடுத்து வாங்கியதற்கு ஒரே சாட்சி அந்த பில்தான்.

பில்லில் இவை எழுதியிருக்க வேண்டும்: கடையின் பெயர், ஜிஎஸ்டி எண், தேதி, மாடல், சீரியல் எண், ரேம், டிஸ்க் அளவு, வாரன்டி எத்தனை நாள், எதற்கெல்லாம். வாய்ச்சொல் வாரன்டி செல்லாது. சில கடைகள் டெஸ்டிங் வாரன்டி என்று ஒரு வாரமோ பதினைந்து நாளோ தருகின்றன, சில ஒரு மாதத்துக்கு மேலும் தருகின்றன. பழுதானால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு லேப்டாப் தருவார்களா, சரிசெய்து மட்டும்தான் தருவார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள். எனக்கு ஒரு கடையில் பில்லைத் திருப்பிப் பார்த்தபோது, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் திரைக்கும் பேட்டரிக்கும் வாரன்டி இல்லை என்று இருந்தது. வாயால் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

தனி ஆளிடம் வாங்கினால் அவர் முதலில் வாங்கிய பில்லின் நகல், கையெழுத்திட்ட ஒரு விற்பனைச் சீட்டு, அடையாள அட்டை நகல் மூன்றும் கேளுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அனுப்பினால் அதுவும் ஒரு பதிவு. சீரியல் எண்ணைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் போட்டால் மாடலும் வாரன்டி முடிந்த தேதியும் வரும். கடைக்காரர் சொன்ன வயதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

7. ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றும்போது

ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பள்ளம் வெட்டிய இடமே வேறு, அழுத்திச் செருகினால் ஸ்லாட் உடையும். 8ஆம் தலைமுறை லேப்டாப்புகளில் அநேகமாக டிடிஆர்4. லேப்டாப் ரேம் குட்டையானது, டெஸ்க்டாப் ரேமை வாங்கிவிடாதீர்கள்.

எஸ்எஸ்டியில் குழப்பம் அதிகம். 2.5 அங்குலப் பெட்டி வடிவில் வருவது சாட்டா. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும், வேகம் நொடிக்கு 550 எம்பி வரை. சூயிங்கம் பட்டை போல ஒல்லியாக வருவது எம்.2. அதிலும் இரண்டு ஜாதி: சாட்டா, என்விஎம்இ. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்று மாடல் எண்ணைப் போட்டுத் தேடி உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். என்விஎம்இ சில ஆயிரம் எம்பி வேகம் போகும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வரும்போது தெரியும் வித்தியாசம், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது அன்றாட வேலையில் தெரியாது. பணம் இடித்தால் சாட்டாவே போதும்.

256 ஜிபி வாங்கிப் போட்டால் விண்டோஸ் 238 என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பவர் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024 மடங்குக் கணக்கில் எண்ணுகிறது. 1 டிபி இப்படித்தான் 931 ஆகிறது.

கூலி கொடுத்து மாற்றினால் சில நூறு ரூபாய். முன்னாலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

8. பவர் பட்டனுக்கும் திரைக்கும் நடுவே

ஓஎஸ் போடும் முன் இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பட்டனை அழுத்தியதும் பிராசசருக்கு எதுவும் தெரியாது, ரேம் காலி. மதர்போர்டில் ஒரு சிறு சிப்பில் எழுதிவைத்த நிரல் முதலில் ஓடுகிறது. அதைத்தான் பழக்கத்தில் பயாஸ் என்கிறோம், இப்போது வருவதன் பெயர் யுஇஎஃப்ஐ. அது ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும். பிறகு எந்த டிஸ்க்கில் ஓஎஸ் இருக்கிறது என்று வரிசையாகத் தேடும். கிடைத்ததும் அதன் மையப் பகுதியை ரேமுக்கு ஏற்றிவிட்டு ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கும். இந்த மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். எந்த நிரல் எப்போது பிராசசரைப் பயன்படுத்தலாம், யாருக்கு எவ்வளவு ரேம் என்று முடிவு செய்வது அதுதான்.

பழுது எங்கே என்பதையும் இந்த வரிசையே சொல்லிவிடும். கம்பெனி லோகோவே வரவில்லை என்றால் ரேம், மதர்போர்டு, திரை பக்கம் பாருங்கள். லோகோ வந்து "பூட் டிவைஸ் இல்லை" என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். விண்டோஸ் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டால் அநேகமாக மென்பொருள் அல்லது டிரைவர் (வன்பொருளோடு பேசும் நிரல்). "மதர்போர்டு போச்சு" என்று சர்வீஸ் கடையில் சொன்னால், லோகோ வருகிறதே என்று கேட்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

9. ஓஎஸ் போடுவது

முதலில் பேக்கப். ஃபார்மட் அடித்த பிறகு அழுது பயனில்லை. எஸ்எஸ்டியில் அழிந்ததை மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதில் இருப்பதெல்லாம் அழியும். விண்டோஸ் 11 கோப்பு 5 ஜிபிக்கு மேல், லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் ஏறக்குறைய 3 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி டேட்டா பிளானை வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பாதியில் நிற்கும், வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளால் அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்து ஒட்டினால் பூட் ஆகாது. பிறகு பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்யும்போது டெல், திங்க்பேடில் எஃப் 12, எச்பியில் எஃப் 9 அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸா, லினக்ஸா? கல்லூரிப் பாடத்துக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் வேறு பேச்சில்லை. கம்பெனி லேப்டாப்புகளில் விண்டோஸ் லைசென்ஸ் எண் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே எடிஷனை (ஹோம் அல்லது புரோ) போட்டால் இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் இதற்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் கீ ஒழுங்கான லைசென்ஸ் இல்லை. கிராக் செய்த விண்டோஸ் அதைவிட மோசம், ஆக்டிவேட் செய்யும் அந்த நிரலுக்குள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதில் நெட் பேங்கிங் பார்க்கலாமா?

7ஆம் தலைமுறை அல்லது அதற்கும் பழையது, 4 ஜிபி ரேம் என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலேசானது. இலவசம். இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டி வைஃபை, ஒலி எல்லாம் வருகிறதா பார்த்துவிட்டுப் போடலாம். போட இருபது நிமிடம் போதும். விண்டோஸுக்கு அப்டேட்டோடு சேர்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள்.

இன்ஸ்டால் பக்கத்தில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். டெல் லேப்டாப்புகளில் அடிக்கடி வருவது இது. பயாஸில் சாட்டா முறை ரெய்டு என்று இருக்கும், அதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும். 11ஆம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் போடும்போதும் இதே சிக்கல் வரலாம், இன்டெல்லின் சேமிப்பு டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் காட்டிக்கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் 11 பல லேப்டாப்புகளில் டிஸ்க்கைத் தானாகப் பூட்டி வைக்கிறது. பின்னால் பயாஸில் எதையாவது மாற்றினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே அதை எடுத்து ஒரு தாளில் எழுதி பில்லோடு வைத்துவிடுங்கள்.

10. டிரைவரும் அப்ளிகேஷனும்

வேர்டு, பிரவுசர் போன்ற அப்ளிகேஷன்கள் வன்பொருளை நேரடியாகத் தொடுவதில்லை. பிரின்ட் என்று அழுத்தினால் அப்ளிகேஷன் ஓஎஸ்ஸிடம் கேட்கிறது, ஓஎஸ் அந்தப் பிரின்டரின் டிரைவரிடம் சொல்கிறது, டிரைவர்தான் அந்தப் பிரின்டருக்குப் புரியும்படி பேசுகிறது. அதனால் புது ஓஎஸ் போட்டதும் ஒலி வராவிட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டை முழுதாக ஓடவிட்டு, மீதியைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டு எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே அழுத்தில் போட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் குப்பையையும் சேர்த்துப் போடும்.

11. தமிழ்

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது எண். யூனிகோடு என்ற உலகப் பொது எண் முறையில் க என்றால் 2965. கி என்று அடித்தால் 2965க்குப் பக்கத்தில் இகரக் குறிக்கான 3007 சேமிக்கப்படும், இரண்டையும் சேர்த்துத் திரையில் வரைவது எழுத்துருவின் வேலை. பெரும்பாலான கோப்புகளில் இந்த எண் ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். தமிழ் என்ற சொல்லில் இப்படி ஐந்து எண், மொத்தம் 15 பைட்.

இது தெரிந்திருந்தால் ஒரு தலைவலி குறையும். பாமினி, வானவில் போன்ற பழைய முறைகளில் அடித்த கோப்பில் தமிழுக்கான எண்ணே இருக்காது. ஆங்கில எழுத்துகளின் எண்ணுக்குத் தமிழ் உருவம் போட்டிருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் திறந்தால் கிறுக்கல்தான் வரும். டிடிபி சென்டரிலும் சில அலுவலகங்களிலும் இன்னும் இப்படிக் கோப்பு தருகிறார்கள். அதை யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் புதிதாக அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். விண்டோஸ் 11இல் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது, லினக்ஸ் மின்டிலும் உண்டு. தனியாக எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

12. முதல் வாரம்

வாரன்டி முடிவதற்குள் லேப்டாப்பை நன்றாக வேலை வாங்குங்கள். தினம் சில மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள், வீடியோ கால் பேசுங்கள், சார்ஜரைக் கழற்றிவிட்டு எத்தனை நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சூடேறியதும் தானாக அணைந்தால் உள்ளே ஃபேன் தூசி அடைத்திருக்கலாம், பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். இரண்டையும் கடைக்காரர் இலவசமாகச் செய்து தர வேண்டிய காலம் இதுதான். பழுது வந்தால் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போனால் அது ஒழுங்குப் பிள்ளையாக ஓடும்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி கேஸ் கிடைக்கும். அதில் போட்டு, பில்லின் ஸ்கேன், மீட்பு எண், பாடக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் அது மஞ்சளாகவோ சிவப்பாகவோ காட்டினால் மட்டும் நம்பாதீர்கள்.